51-ஆம் நம்பர் வண்டியும் நம்ம ஊர் பிளசர் காரும்

‘எமர்ஜென்சி’ என்றால் நமக்கு 1975 ஜூன் 25 ராத்திரியும் இந்திரா காந்தியும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே வருஷங்களில், சனிக்கிழமை ராத்திரியானால் அமெரிக்க வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் இருந்தது. என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘எமர்ஜென்சி!’ என்று ஒரு தொடர். ஆச்சரியக்குறியும் தலைப்பில் சேர்த்திதான். முதல் படம் 1972 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது, வாராந்திரத் தொடர் 1977 மே மாதம் முடிந்தது. நம்ம எமர்ஜென்சியும் அதே 1977-ல், மார்ச்சில்தான் முடிந்தது. இரண்டுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஒரே சொல்லைக் கேட்டு ஒரு நாட்டுக்காரனுக்கு வயிற்றைக் கலக்குகிறது, இன்னொரு நாட்டுக்காரனுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்து முகம் மலர்கிறது.

முகம் மலர்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேலை விஷயமாக அங்கே இருந்த நாட்களில், எங்கள் குழுவில் ஓய்வு பெறும் வயதில் ஒருவர் இருந்தார். அவர் மேஜையில் சிவப்பு நிறத்தில் ஒரு பொம்மை வண்டி, பக்கவாட்டில் 51 என்ற எண். என்ன வண்டி என்று கேட்டது தப்பாப் போச்சு. ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் தொடரைப் பற்றிப் பேசினார். அப்புறம் டிவிடி வாங்கி நானும் பார்த்தேன். பார்த்து முடித்தபோது என் மனசில் இருந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லை, தக்கலையிலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் ரோடு. அது ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி தீயணைப்புத் துறையில் 51-ஆம் நிலையம் என்று ஒரு கற்பனை நிலையம். அங்கே ஜான் கேஜ், ராய் டிசோட்டோ என்று இரண்டு தீயணைப்பு வீரர்கள். ராண்டால்ஃப் மான்டூத்தும் கெவின் டைய்யும் நடித்திருந்தார்கள். இவர்கள் தீயை அணைப்பதோடு நிற்காமல், அடிபட்டவருக்கு அந்த இடத்திலேயே முதல் சிகிச்சை கொடுக்கும் பாராமெடிக்குகள். ‘ராம்பார்ட்’ என்ற ஆஸ்பத்திரியில் டாக்டர் பிராக்கெட், டாக்டர் எர்லி, நர்ஸ் டிக்ஸி. சம்பவ இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டி. ‘பயோஃபோன்’ என்று பெயர். அதில் பேசலாம், நோயாளியின் இசிஜி-யையும் அனுப்பலாம். டாக்டர் அங்கிருந்தே பார்த்துவிட்டு, இந்த மருந்தை இவ்வளவு ஏற்று என்று சொல்வார்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டாக்டர் ஒரு உத்தரவு சொன்னால், கேஜ் அதை அப்படியே, எண் மாறாமல் திரும்பச் சொல்வார். அப்புறம்தான் ஊசி ஏறும். நாங்கள் எழுதும் நிரல்களில் ஒரு கணினி இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பினால், ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வரும்வரை அதை அனுப்பியதாகவே கணக்கு வைக்க மாட்டோம். அதே ஒழுங்கு. படத்தில் இதற்கென்று பின்னணி இசை கிடையாது, அழுகை கிடையாது. வேலை நடக்கிற விதத்தை மட்டும் காட்டினார்கள். தயாரிப்பாளர் ஜாக் வெப்புக்கு அதுதான் பாணி. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் சினேடர், உண்மையான தீயணைப்பு அதிகாரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர். 51-ஆம் நிலையத்தில் இஞ்சினை ஓட்டும் மைக் ஸ்டோக்கர் நிஜத்திலும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி தீயணைப்பு வீரர், அதே பெயரில் நடித்தார். நிலையத்துக்கு அழைப்பு விடுக்கும் குரலும் சாம் லேனியர் என்ற உண்மையான கட்டுப்பாட்டு அறை ஊழியருடையதுதான்.

சரி, இந்தத் தொடர் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் என்ன நிலைமை? இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 1966-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமி ஒரு அறிக்கை வெளியிட்டது. விபத்து மரணங்கள் நவீன சமூகத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். அதன்படி 1965-ல் விபத்துகளில் இறந்தவர்கள் 1,07,000 பேர். நாட்டில் ஓடிய ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியது யார் தெரியுமா? சவ அடக்க நிறுவனங்கள், சுமார் 12,000 பேர். காரணம் எளிமையானது. ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வழியில் உயிர் போனாலும் அதே வண்டிதான், போகாவிட்டாலும் அதே வண்டிதான்.

பாராமெடிக் என்ற யோசனை அப்போதுதான் அங்கங்கே முளைத்துக்கொண்டிருந்தது. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதயநோய் மருத்துவர் 1966-ல் சிகிச்சையை வண்டியில் ஏற்றி நோயாளியிடம் அனுப்பினார். மயாமி, சியாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று சில அமெரிக்க நகரங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹார்பர் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1969-ல் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு சிக்கல். டாக்டரோ நர்ஸோ இல்லாதவர் ஊசி போட்டால் அது சட்டப்படி குற்றம். கற்றுக்கொண்ட ஆள் இருக்கிறான், மருந்து இருக்கிறது, நோயாளி முன்னால் கிடக்கிறான், ஆனால் தொடக் கூடாது. கவுண்டி மேற்பார்வையாளர் கென்னத் ஹான் போன்றவர்கள் முயற்சி எடுத்து, 1970-ல் கலிஃபோர்னியாவில் வெட்ஸ்வொர்த்-டவுன்சென்ட் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

‘எமர்ஜென்சி!’ தொடரின் முதல் படத்துக்குப் பெயரே அந்தச் சட்டத்தின் பெயர்தான். யோசித்துப் பாருங்கள், ஒரு சட்ட மசோதாவின் பெயரில் சனிக்கிழமை ராத்திரிப் படம்! அதில் டாக்டர் பிராக்கெட்தான் ஆரம்பத்தில் எதிர்ப்பவர். தீயணைப்புக்காரன் வைத்தியம் பார்ப்பதா என்று கேட்கிறார். கடைசியில் அவரே போய்ச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறார். ஆக, தொடரின் முதல் கேள்வி வீரமோ தியாகமோ கிடையாது. சாகக் கிடக்கும் ஆளைத் தொட யாருக்கு அனுமதி உண்டு என்பதுதான் கேள்வி.

அந்தத் தொடர் ஓடிய ஆண்டுகளில் ஊர் ஊராகப் பாராமெடிக் சேவை தொடங்கியது. எல்லாம் ஒரு நாடகத்தால் வந்தது என்று சொன்னால் மிகை. சட்டம், நிதி, மருத்துவர்களின் உழைப்பு எல்லாம் இருந்தது. ஆனாலும் ஜனங்களுக்கு இது ஒரு காரியத்தைச் செய்தது. ஆம்புலன்ஸ் என்பது ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டி மட்டுமில்லை, ஆஸ்பத்திரியின் ஒரு துண்டு நம்ம வீட்டு வாசலுக்கு வருவது என்று காட்டியது. ‘எங்க ஊர்ல ஏன் இது இல்லை?’ என்று கேட்க ஒரு படம் அவர்கள் கண்ணில் பதிந்திருந்தது. 2000-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இந்தத் தொடரின் தலைக்கவசம், பயோஃபோன் போன்ற பொருட்களை வாங்கித் தன் சேகரிப்பில் வைத்தது. தொடரில் ஓடிய வண்டியை இன்றும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி தீயணைப்பு அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் பழைய ஞாபகம் எப்போதும் கொஞ்சம் பாரபட்சமானது. இந்தத் தொடருக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1967-ல், பிட்ஸ்பர்க் நகரத்தில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியிருந்தது. வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, உயர்தரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை வடிவமைத்தவர் பீட்டர் சாஃபர். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதை மருத்துவ முறையாக நிலைநாட்டியவர் அவர்தான். பின்னால் நான்சி கரோலைன் என்ற மருத்துவர் அங்கே பொறுப்பேற்று, அந்த அனுபவத்திலிருந்துதான் நாடு முழுமைக்குமான பாடத்திட்டம் எழுதினார். 1975-ல் நகர நிர்வாகம் சொந்தச் சேவை தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. டிவியில் கேஜும் டிசோட்டோவும் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த அதே வருஷம். பொம்மை வண்டி வந்தது 51-ஆம் நம்பருக்குத்தான், பிட்ஸ்பர்க் வண்டிக்கு வரவில்லை. கதையில் வந்தவர்கள் ஞாபகத்தில் நின்றார்கள், நிஜத்தில் முதலில் ஓடியவர்களை வெகுகாலம் யாரும் பேசவில்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

நாஞ்சில் நாட்டில் ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு ஆரம்பித்தது. எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்டு சோமர்வெல், மலையை விட்டுவிட்டு வந்து கத்தி பிடித்த ஊர் அது. நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் காதரின் பூத் ஆஸ்பத்திரி 1890-களில் வேர் விட்டது. ஒரு மாவட்ட அளவுக்கு இது பெரிய வரலாறு. இதைப் பற்றி மலர்கள், புத்தகங்கள், நூற்றாண்டு விழாக்கள் எல்லாம் உண்டு. ஆனால் வீட்டு வாசலுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு வரலாறு எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்தத் தூரத்தை மஞ்சலிலும், கம்பு கட்டிய கட்டிலிலும், மாட்டு வண்டியிலும் கடந்தார்கள். அப்புறம் பிளசர் கார் வந்தது. ஊருக்கு ஒன்றோ இரண்டோ அம்பாசிடர். கல்யாணத்துக்கும் அதுதான், பிரசவ வலிக்கும் அதுதான், பாம்புக் கடிக்கும் அதுதான். 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும், நிலைமை கைமீறினால் கார் திரும்பிய திசை மேற்குதான். 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். ‘மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க’ என்றால் எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆசாரிபள்ளத்தில் நமக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

1993-ல் என் மாமா ஒருத்தர் அப்படிப் போனார். தக்கலைப் பக்கம் வீடு. விடியற்காலையில் நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு அம்பாசிடரை எடுத்தார்கள். முதலில் பார்த்த இடத்தில், ‘இங்க வச்சுப் பாக்க முடியாது, உடனே திருவனந்தபுரம் கொண்டு போயிருங்க’ என்று சொல்லிவிட்டார்கள். காரில் மாமாவோடு நாலு பேர், அதில் என் அப்பாவும் ஒருவர். நெய்யாற்றின்கரை தாண்டும்போது மூச்சு நின்றது. அப்பா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ‘ஒருத்தன் பேப்பரை வச்சு வீசினான், ஒருத்தன் காலைத் தேச்சான், மாமி நெஞ்சில அடிச்சு அழுதா. நான் டிரைவரைப் பாத்து, அண்ணே இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். வேற என்னடே செய்ய?’ டிரைவர் ஹார்னிலிருந்து கையெடுக்காமல், அந்த ரோட்டில் யாரும் ஓட்ட முடியாத வேகத்தில் ஓட்டியிருக்கிறார். கடைசிவரை வாடகை வாங்கவில்லை.

நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட வைக்கும் முறை 1960-லேயே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து, நாலு பேர் இருந்த ஒரு காரில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு பேரும் கடைசிவரை வேகத்தை மட்டுமே நம்பினார்கள். வைத்தியம் காருக்குள்ளேயே தொடங்க முடியும் என்ற எண்ணமே அவர்கள் பார்த்த, கேட்ட எதிலும் இல்லை. 51-ஆம் நம்பர் வண்டியை டிவியில் பார்த்து வளர்ந்த ஒரு பத்து வயசுப் பையனுக்கு அந்த எண்ணம் இருந்திருக்கும்.

டிவி நம்மிடமும் இருந்ததே? நாகர்கோவில் பக்கம் எண்பதுகளின் பாதியில் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நன்றாகக் கிடைத்தது. ஆன்டெனாவை உயர்த்தி பூஸ்டர் வைத்தவர்கள் வீட்டில் இலங்கையின் ரூபவாஹினியும் எட்டிப் பார்க்கும். 1984-ல் வந்த ‘ஹம் லோக்’ தொடரைக் குடும்பக் கட்டுப்பாடு போன்ற சமூகச் செய்திகளைச் சொல்லத் திட்டமிட்டே எடுத்தார்கள். 1989-ல் ராணுவத்துக்கு ஒரு ‘ஃபௌஜி’, பெண் போலீஸ் அதிகாரிக்கு ஒரு ‘உடான்’. கதை வழியாக ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அரசுக்குத் தெரிந்தே இருந்தது. தீயணைப்பு வீரனுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியனுக்கும் அப்படி ஒரு தொடர் வந்து நான் பார்த்ததில்லை. நம்ம சினிமாவில் ஆம்புலன்ஸ் வந்தால் பாதி நேரம் உள்ளே இருப்பது உடல்தான். ஊரிலும் அப்படித்தானே? வெள்ளை வண்டி தெருவுக்குள் திரும்பினால், யாரையோ கொண்டு வந்துட்டாங்க என்று பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். 1966 அறிக்கையில் சவ வண்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

சட்டமும் இங்கே தாமதமாகத்தான் வந்தது. ஒரு ஸ்கூட்டர்காரர் அடிபட்டுக் கிடந்தார். தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில், இது போலீஸ் கேஸ், இதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று அனுப்பினார்கள். அது 20 கிலோமீட்டர் தள்ளி. வழியிலேயே உயிர் போயிற்று. இதைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்துப் பரமானந்த கட்டாரா என்பவர் வழக்குப் போட்டார். 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை எல்லாம் அப்புறம், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ எல்லாருக்கும் இது பொருந்தும் என்றது. கலிஃபோர்னியாவில் ‘யார் தொடலாம்’ என்று கேட்டார்கள் இல்லையா? இங்கே ‘தொட்டால் மாட்டிக்கொள்வோமோ’ என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன தீர்ப்பு ரோட்டில் நிற்பவனுக்கு வந்து சேர இன்னும் 27 வருஷம் ஆனது. உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் அது ஏறியது.

நடுவில், 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழ்நாட்டில் 108 தொடங்கியது. ஹைதராபாத்தில் 2005-ல் ஆரம்பித்த ஏற்பாடு அது. வண்டியில் ஒரு மருத்துவ நுட்புனர், ஒரு ஓட்டுநர். ஓட்டுநரை அவர்கள் ‘பைலட்’ என்கிறார்கள். ஆக்சிஜன், முதலுதவி மருந்துகள், தேவைப்பட்டால் டாக்டரிடம் போனில் ஆலோசனை. கொஞ்சம் கண்ணை மூடி யோசித்தால் அதே ராம்பார்ட், அதே ஆரஞ்சுப் பெட்டி. காசு கிடையாது. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆரம்பத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் என்று வைத்தார்கள்.

கலிஃபோர்னியாவில் சட்டம் வந்ததும் கதை வந்தது, கதையோடு சேர்ந்து சேவை பரவியது. நமக்குச் சட்டமும் சேவையும் வந்துவிட்டன, கதை மட்டும் வரவில்லை. ‘சென்னையில் ஒரு நாள்’ மாதிரி ஒரு படம் வந்தது, உண்மைதான். ஆனால் வாரா வாரம், வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து மனசில் ஊறிப்போகும் ஒன்று வரவில்லை. அதனால்தான் இன்றும் வெட்டூர்ணிமடத்திலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பைக் சரிந்தால், சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருத்தர் ‘எடே, தொடாத, கேஸாயிரும்’ என்கிறார். சட்டம் மாறி வருஷங்கள் ஆகிவிட்டன, அவர் காதுக்கு வரவில்லை. 134ஏ என்ற எண்ணை யாருக்கும் ஞாபகம் இருக்காது. 51 என்ற எண்ணை என் சக ஊழியர் ஐம்பது வருஷம் வைத்திருந்தாரே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிஜமாகவே ஓடியவர்கள். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் அறுந்து போனபோதும், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் உள்ளே வந்தபோதும் முதலில் கை கொடுத்தது பக்கத்து ஊர்க்காரர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபிறகு, கடலில் போனவர்களைத் தேடி மீனவர்களே தங்கள் படகுகளில் போனார்கள். அதற்கு முன்னால் அரை நூற்றாண்டு அந்த அம்பாசிடர் டிரைவர்கள். இவர்கள்தான் நம்ம ஃப்ரீடம் ஹவுஸ். இவர்களை மறைக்க இங்கே ஒரு தொலைக்காட்சித் தொடர் கூட வரவில்லை, அப்படியிருந்தும் மறைந்துபோனார்கள். பொம்மை வண்டி, தலைக்கவசம், அருங்காட்சியகம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நோயாளி பேர் இருக்கும், டாக்டர் பேர் இருக்கும். கொண்டு வந்தவன் பேருக்கு அநேகமாக இடம் இருக்காது.

கொஞ்ச நாளாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எந்த ஊரில், எந்த வருஷம், யார் வண்டி, எந்த வழி, எவ்வளவு நேரம். இதுவரை எட்டு ஊர்தான் ஆகியிருக்கிறது. எழுபதைத் தாண்டிய டிரைவர்கள்தான் இதற்கு ஆதாரம், அவர்கள் ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள். உங்க ஊரில் அப்படி ஒருத்தர் இருந்தால், அடுத்த தடவை போகும்போது ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். தேதியையும் தூரத்தையும் மறக்காமல் கேட்டு எழுதி வையுங்கள். போகிற வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்குப் போன் பண்ணுங்கள். பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் என்று ஏதாவது ஒரு அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்க பேரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.